எக்சிமா மீண்டும் கிளம்பினால்: இடத்தையும் அறிகுறியையும் வைத்துக் காரணம் காணும் வழிமுறை

தோல் வறண்டு, அரித்து, அழற்சி கொள்ளும் எக்சிமா, ஒருமுறை அடங்கியதும் விலகிவிடும் நோயன்று. அடங்கியிருப்பதும் கிளம்புவதுமாகவே பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கும் பெரியவர் ஒருவருக்கும் இது இருப்பதால், கிளம்பும் ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடித் தேடி உருவான ஒழுங்கைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதிலிருந்தே பலரும் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது தவறான தொடக்கம். உடலின் எந்த இடத்தில் கிளம்பியிருக்கிறது, கடந்த சில நாள்களில் அந்த இடத்தில் என்ன பட்டது, வழக்கமாகச் செய்துவந்த எது நின்றுபோனது என்ற மூன்று கேள்விகளும் உணவைவிட விரைவாக விடை தரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை இரண்டு வாரமாவது தொடருங்கள். சோப்பையும் சலவைத்தூளையும் களிம்பையும் ஒரே நாளில் மாற்றினால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: வெளிர் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, கரிய அல்லது பழுப்புத் தோலில் சாம்பல், ஊதா, அடர்பழுப்பு நிறங்களில் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாதபோது விரலால் தடவிப் பாருங்கள். சூடும் சொரசொரப்பும் இருந்தால் அங்கே அழற்சி இருக்கிறது என்றே கொள்ளலாம்.

## எதற்கும் முன்: இவற்றில் ஏதேனும் இருக்கிறதா?

ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக வந்து, உடைந்து, குழிந்த புண்களாக மாறுகின்றனவா? அரிப்பைவிட வலி மிகுந்து, காய்ச்சலும் இருக்கிறதா? இது எக்சிமாத் தோலில் அக்கி வைரஸ் பரவிய நிலையாக இருக்கலாம். வாயோரத்தில் அக்கிக் கொப்புளம் உள்ளவர் முத்தமிட்டாலே குழந்தைக்குத் தொற்றக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணுக்கு அருகில் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து விரைவில் தொடங்கப்பட வேண்டும்.

மஞ்சள் பொருக்கு, நீர்க் கசிவு, சீழ், பரவிக்கொண்டே போகும் சூடான வீக்கம் தெரிகின்றனவா? பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ உடல் சோர்வோ சேர்ந்தால் அதே நாளில் செல்லுங்கள்.

உடலின் பெரும்பகுதி சிவந்து, தோல் செதில் செதிலாக உதிர்ந்து, குளிர் நடுக்கம் எடுக்கிறதா? இதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலையன்று.

இவை எதுவும் இல்லையென்றால் மேலே தொடரலாம்.

## கை கால் மடிப்புகளிலும் கழுத்திலும் வறண்டு அரிக்கிறது

இதுதான் மிகவும் வழக்கமான கிளம்பல். புதிதாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை; ஏற்கெனவே செய்துவந்தது தளர்ந்திருந்தாலே போதும்.

முதற்சோதனை: மாய்ஸ்சரைசர் எவ்வளவு தீர்கிறது? உடல் முழுவதும் வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரையும், குழந்தைக்கு அதில் பாதியளவும் தேவைப்படும். சிறு குப்பி ஒன்று ஒரு மாதம் தாங்குகிறது என்றால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். முதலில் அளவைக் கூட்டுங்கள். தோல் தெளிவாக இருக்கும் நாள்களிலும் பூசத்தான் வேண்டும். நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது இதுவே என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வகை சரியாக இருக்கிறதா? லோஷனில் தண்ணீர் அதிகம். களிம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். க்ரீம் இரண்டுக்கும் இடைப்பட்டது. குளிர்ந்த, வறண்ட காற்றில் லோஷன் போதாமல் போகும். புழுக்கத்தில் கனமான களிம்பு வியர்வையை அடைத்து, மயிர்க்கால்களில் கொப்புளம் கிளப்பும். அப்போது க்ரீமுக்கு மாறி, முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஆலிவ் எண்ணெய் இயற்கையானதுதான் என்றாலும் தோலின் தடுப்புச்சுவரைப் பலவீனப்படுத்துவதால் எக்சிமாவுக்கு உகந்ததன்று.

குளியல் எப்படி இருக்கிறது? வெந்நீரும் நீண்ட நேரக் குளியலும் குளிக்கும்போது அரிப்பைத் தணித்து, அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திருப்பித் தரும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. எனவே சோப்புக்குப் பதிலாக நுரை குறைந்த, மணமற்ற கழுவும் க்ரீமைப் பயன்படுத்துங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள்.

துணி, சலவை. கம்பளியும் முரட்டுச் செயற்கை இழையும் உராய்ந்தே அரிப்பைக் கிளப்பும். சட்டையின் கழுத்துப் பட்டியில் தைத்த சீட்டை வெட்டியெறிந்ததால் மட்டும் பிடரி அரிப்பு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சலவைத்தூள் துணியில் தங்கியிருக்கலாம் என்பதால் கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் மணத்திரவத்தை நிறுத்திவிடுங்கள். புதுத் துணியைத் துவைத்த பிறகே உடுத்துங்கள்.

இவை எல்லாவற்றையும் இரண்டு வாரம் கடைப்பிடித்தும் அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே தோலில் மூண்டுவிட்ட அழற்சியை மாய்ஸ்சரைசரால் மட்டும் அணைக்க முடியாது.

## கைகளில் மட்டும் வெடிப்பு, எரிச்சல், கொப்புளம்

கை எக்சிமாவில் தண்ணீரே முதல் சந்தேகத்துக்குரியது. ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருந்தாலோ, 20 முறைக்கு மேல் கை கழுவினாலோ, தோல் மருத்துவர்கள் அதை ஆபத்தான அளவாகக் கருதுகிறார்கள். சமையல், செவிலியர் பணி, முடி திருத்தகம், துப்புரவு, கைக்குழந்தை பராமரிப்பு ஆகியவற்றில் இந்த எல்லையை நண்பகலுக்குள் தாண்டிவிடலாம்.

மோதிரத்தின் அடியில் தொடங்கியதா? மோதிரத்துக்குள் சோப்பும் ஈரமும் தங்குகின்றன. ஈர வேலைக்கு முன் கழற்றி வையுங்கள். செலவே இல்லாத சோதனை இது.

விரல் இடுக்குகளிலும் புறங்கையிலும் வறண்டு வெடிக்கிறதா? பாத்திரம் கழுவும் திரவமும் கை கழுவும் சோப்பும் செய்த வேலையாக இருக்கும். கை கழுவிய ஒவ்வொரு முறையும் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். இதற்காகக் கழுவும் தொட்டியின் அருகிலேயே ஒரு குப்பியை வைத்துவிடுங்கள். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் வெடித்த தோலில் கடுமையாக எரியும். ஆனால் வெடிப்பு ஆறிய பிறகு, அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவதைவிட அது தோலுக்குக் குறைந்த சேதமே செய்கிறது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் மட்டும் தண்ணீரால் கழுவுங்கள்.

கையுறை அணியத் தொடங்கிய பிறகு கூடியதா? நீண்ட நேரம் அணிந்தால் உள்ளே வியர்த்து, கையுறையே ஈர வேலைக்குச் சமமாகிவிடும். உள்ளே மெல்லிய பருத்தி உறை அணிந்து, அது நனைந்ததும் மாற்றுங்கள். கையுறை முடியும் மணிக்கட்டு எல்லையில் கோடு போட்டதுபோலத் தோல் சிவந்திருந்தால், ரப்பர் தயாரிப்பில் சேர்க்கப்படும் வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை இருக்கலாம். வேறு பொருளாலான கையுறைக்கு மாறிப் பாருங்கள்.

விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசி போன்ற ஆழமான சிறு கொப்புளங்கள் வருகின்றனவா? வெப்பம், வியர்வை, மன அழுத்தம், உலோக ஒவ்வாமை ஆகியவை இவ்வகையைத் தூண்டுகின்றன. கொப்புளங்களைக் குத்தி உடைக்க வேண்டாம். உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) களிம்பு இங்கு வேலை செய்யாது. மருத்துவர் வீரியம் மிக்கதைப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும்.

விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் வருகிறதா? காரணம் பணியிடத்தில் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை கேளுங்கள். ஒவ்வாமைப் பொருள்களை முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. பணியிடத்தில் கையாளும் பொருள்களின் பெயர்ப்பட்டியலை எடுத்துச் சென்றால் சோதனை பயனுள்ளதாக அமையும்.

## இமை, முகம், வாயைச் சுற்றி

இமைத் தோல் மிக மெல்லியது. வேறிடத்தில் பட்ட பொருளுக்கும் அதுவே முதலில் வீங்கும். எனவே இமையில் பூசியதை மட்டும் ஆராய்வது போதாது.

நகப்பூச்சை நினைத்துப் பாருங்கள். நகத்தைச் சுற்றி எந்தக் குறையும் இல்லாமலே, விரல் பட்ட இமையில் மட்டும் ஒவ்வாமை வரும். தலைச்சாயம், வழிந்திறங்கும் ஷாம்பு, வாசனைத் திரவம், கண் சொட்டு மருந்தில் உள்ள பாதுகாப்புப் பொருள், காற்றில் வரும் மகரந்தம் ஆகியவையும் இதே வரிசையில் வரும். தொடுவதால் வரும் ஒவ்வாமை உடனே தெரிவதில்லை, ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், காலையில் பூசியதை மாலையில் குற்றம் சாட்டாமல் மூன்று நாள் பின்னோக்கிப் பாருங்கள். இரண்டு வாரம் முகத்துக்கு மணமற்ற மாய்ஸ்சரைசர் தவிர வேறெதையும் பயன்படுத்தாமல் இருந்து, பின் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நம்பகமான சோதனை. புதிய பொருள் எதையும் முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் ஒரு வாரம் நாளுக்கு இருமுறை தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாயைச் சுற்றிச் சிவந்தால் உதட்டை நக்கும் பழக்கம், பற்பசை, கைக்குழந்தையானால் எச்சில் ஆகியவற்றைப் பாருங்கள். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் மாய்ஸ்சரைசர் களிம்பை மெல்லிய காப்பாகப் பூசிவைப்பது உதவும். வாயைச் சுற்றி ஸ்டீராய்டு களிம்பு பூசிவந்தபோது சிறு பருக்கள் கிளம்பியிருந்தால், அந்தக் களிம்பே காரணமாக இருக்கலாம்.

முகத்துக்கும் இமைக்கும் உடலுக்குத் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பயன்படுத்தவே கூடாது. வீரிய ஸ்டீராய்டு கண்ணைச் சுற்றி நீண்ட காலம் படுமானால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். இந்த இடங்களுக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பை மருத்துவர் தரலாம். முதல் சில நாள்கள் அது எரியும், பின்னர் பழகிவிடும்.

## காது மடல், தொப்புளின் கீழ், மணிக்கட்டு என ஒரே இடத்தில்

நிக்கல் என்ற உலோகத்துக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். தோடு, பித்தான், இடைவாரின் பூட்டு, கைக்கடிகாரத்தின் பின்புறம் ஆகியவை தோலில் படும் இடங்கள் இவை. மூன்று வாரம் அந்தப் பொருளை அணியாமல் இருந்தாலே விடை தெரிந்துவிடும். கடிகாரமானால் வாரின் அடியில் தங்கும் வியர்வையும் சோப்பும்கூடக் காரணமாக இருக்கலாம்.

## வியர்த்தால் ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது

உடற்பயிற்சியைக் கைவிட வேண்டாம். வியர்வையைத் தோலில் காயவிடாமல் வெறும் நீரால் அலசி, ஒற்றித் துடைத்து, உலர்ந்த உடைக்கு மாறி, மாய்ஸ்சரைசரை மீண்டும் பூசுங்கள். நீச்சல் குளத்துக்குச் செல்வதானால், போகும் முன் ஒரு பூச்சும், வந்தவுடன் குளோரின் போக ஓர் அலசலும், பின்னர் மறுபூச்சும் வேண்டும்.

## பகலில் பரவாயில்லை, இரவில் தூங்க முடியவில்லை

இந்நோயில் மனிதரை உண்மையிலேயே உருக்குலைப்பது இரவுதான். குழந்தைக்கு எக்சிமா இருந்தால் வீடே தூங்குவதில்லை. எனவே இதைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகக் கருதாதீர்கள்.

அறை சூடாக இருக்கிறதா? போர்வையின் அடியில் உடல் சூடேறுவதே அரிப்பைத் தூண்டப் போதும். அறையைக் குளிர்வாக வைத்து, மெல்லிய பருத்திப் போர்வைகளை அடுக்காகப் பயன்படுத்துங்கள். வேண்டாதபோது ஒன்றை விலக்கிவிடலாம். படுக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு களிம்பு பூசி, அரித்தால் சொறியாமல் ஈரத்துணியை வைத்து அழுத்துங்கள். நகங்களை ஒட்ட வெட்டி வைப்பது அரிப்பைக் குறைக்காது, காயத்தைக் குறைக்கும்.

காலையில் தும்மல், மூக்கடைப்பும் சேர்கிறதா? படுக்கையில் வாழும் தூசு உண்ணிகள் பங்கு வகிக்கலாம். விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போட்டுப் பாருங்கள். தும்மலும் மூக்கடைப்பும் இல்லாதவர்கள் விலை மிகுந்த இந்த உறைகளில் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்புப் பகுதிகளில் புள்ளிகள் இருந்தால் இது சிரங்காக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் தர வேண்டும்.

ஒவ்வாமை மாத்திரை போட்டும் அரிப்பு நிற்கவில்லையா? எக்சிமாவின் அரிப்பை அந்த மாத்திரைகள் பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை. தூக்கம் வரவழைக்கும் வகை, தூங்க வைப்பதால் மட்டுமே உதவுகிறது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் தர வேண்டாம். கடுமையான இரவுகளுக்கு ஈரக்கட்டு முறை நன்றாகப் பயன்படும்: களிம்பின்மேல் ஈரத்துணி உறை, அதன்மேல் உலர்ந்த உறை. முதன்முறை அதை மருத்துவரோ செவிலியரோ காட்டித் தர வேண்டும். தொற்று இருக்கும் தோலில் போடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: மாய்ஸ்சரைசர் ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் மிக எளிதில் தீப்பற்றும், துவைத்தாலும் அந்த ஆபத்து முழுதும் போவதில்லை. அடுப்பு, விளக்கு, சிகரெட் ஆகியவற்றின் அருகே போகாதீர்கள்.

## கைக்குழந்தையின் கன்னத்தில் தொடங்கியது, உணவா?

உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டு. குறிப்பாகச் சிறு வயதில் கடுமையான எக்சிமா இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். அதன் அடையாளம் தெளிவானது: உண்ட சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி ஆகியவை வரும். மூச்சுத் திணறலோ துவண்டு போதலோ இருந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள்.

அத்தகைய அடையாளம் எதுவும் இல்லாமல், பாலையும் முட்டையையும் கோதுமையையும் அடுத்தடுத்து நிறுத்துவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தாய்ப்பால் ஊட்டும் தாயின் உணவை வெட்டுவதும் அப்படியே. வளரும் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைவு வரும். நீண்ட நாள் விலக்கிய உணவை மீண்டும் தரும்போது கடுமையான ஒவ்வாமை ஏற்படும் அபாயமும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஓர் உணவுக்கு எதிர்வினை காட்டுவது மட்டும் அந்த உணவே எக்சிமாவுக்குக் காரணம் என்று நிறுவாது. நல்ல சிகிச்சை கொடுத்தும் அடங்காதபோது, மருத்துவர் மேற்பார்வையில், கால வரையறையோடு ஓர் உணவை நிறுத்தி மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

## வட்டமாக, அல்லது வழக்கமற்ற இடத்தில் இருக்கிறது

ஓரம் தூக்கலாகவும் நடுப்பகுதி தெளிவாகவும் வளையம்போல விரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு பூசினால் முதலில் அடங்கியதுபோலத் தெரிந்து, பின் உருமாறிப் பரவும். அப்புறம் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகும். வட்டம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருந்தால் நாணய வடிவ எக்சிமாவாக இருக்கலாம். சந்தேகம் என்றால் மருத்துவர் செதிலைச் சுரண்டிப் பார்க்கும் எளிய சோதனை போதும். களிம்பு எதையும் தடவாமல் செல்லுங்கள்.

கணுக்காலுக்கு மேல் பழுப்பேறி, மாலையில் கால் வீங்கினால் இரத்த நாளக் கோளாறைப் பார்க்க வேண்டும். அழுத்தக் காலுறையைக் கால் தமனிகளின் ஓட்டத்தைச் சோதிக்காமல் அணியக் கூடாது. பெரியவருக்கு உச்சந்தலை, புருவம், மூக்கோரத்தில் எண்ணெய்ப் பசையான செதில் என்றால் அது பொடுகு சார்ந்த அழற்சி. பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் ஷாம்பு பலன் தரும்.

## களிம்பு பூசியும் அடங்கவில்லை, அல்லது நிறுத்தியதும் திரும்புகிறது

அளவு போதுமா? பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய ஸ்டீராய்டு களிம்பு சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். தோள் முதல் மணிக்கட்டு வரை ஒரு கைக்கு இப்படி 3 அளவு வேண்டும். இரு கைகளிலும் முழுவதுமாக நாளுக்கு ஒருமுறை பூசுபவருக்கு 30 கிராம் குழாய் 10 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதம் வந்திருந்தால் மருந்து தோற்கவில்லை, பூசியது போதவில்லை.

எப்போது நிறுத்தினீர்கள்? அரிப்பு நின்றதும் நிறுத்துவதே பொதுவான பிழை. மருத்துவர் குறித்த கால எல்லைக்குள், தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாகும் வரை தொடர வேண்டும். கருமையோ வெளுப்போ எஞ்சியிருப்பது அழற்சியன்று. அது மாதக்கணக்கில் தானே மறையும், அதற்காகக் களிம்பைத் தொடரக் கூடாது. அதே இடத்தில் அடிக்கடி திரும்புபவர்களுக்கு, அடங்கிய பிறகும் வாரத்தில் 2 நாள் மட்டும் அந்த இடங்களில் பூசிவரும் முறையை மருத்துவர் சொல்லக்கூடும்.

இரண்டு பூச்சுகளும் ஒன்றாகக் கலக்கின்றனவா? மாய்ஸ்சரைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே சுமார் 20 நிமிடம் விடுங்கள். இல்லையேல் மருந்து நீர்த்து, வேண்டாத இடத்துக்கும் பரவும்.

பூசப்பூசக் கூடுகிறதா? களிம்பில் உள்ள பாதுகாப்புப் பொருள், நியோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி, அபூர்வமாக ஸ்டீராய்டே ஒவ்வாமை தரலாம். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் கலந்த களிம்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் பூச வேண்டாம். உள்ளிருப்பது அச்சிடப்படாத 'இயற்கைக்' களிம்பு வியக்கும் வேகத்தில் குணமாக்கினால், அதில் வீரிய ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயுறுங்கள்.

ஸ்டீராய்டைப் பயந்து தள்ளிப் போடுகிறீர்களா? இந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். தோல் மெலிவதும் கோடுகள் விழுவதும் பொய்யல்ல. ஆனால் அவை பெரும்பாலும் வீரியமான களிம்பை, மெல்லிய தோலில், மாதக்கணக்கில், மேற்பார்வையின்றிப் பூசியதன் விளைவு. இடத்துக்கேற்ற வீரியத்தில் குறித்த காலம் பூசுவது, சொறிந்து சொறிந்து தோலைத் தடிக்க விடுவதைவிடப் பாதுகாப்பானது. நீண்ட காலம் பூசியவர்கள் திடீரெனத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிக் குறைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இதே நிலையா? அப்போது தோல் மருத்துவரிடம் அடுத்த படியைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாரத்தில் சில முறை மருத்துவமனைக்குச் சென்று பெறும் புறஊதா ஒளிச் சிகிச்சை, இரத்தப் பரிசோதனைகளோடு தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள், டுபிலுமாப் போன்ற ஊசி மருந்து என அடுத்த படிகள் பல இருக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எளிய வழியாக நாடாதீர்கள்; நிறுத்தியதும் முன்னிலும் கடுமையாகத் திரும்புவது வழக்கம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பூசிய குழாய்கள் அனைத்தையும் காலியானவை உட்பட எடுத்துச் செல்லுங்கள். பார்க்கும் நாளில் தோல் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், மோசமான நாளில் எடுத்த படங்களையும் தேதியோடு வைத்திருங்கள்.